சுவருக்குள் ஓடும் மின்கம்பியா, வைஃபையா? மாடி அறைக்கு இணையம் கொண்டுபோகும் வழி

கேள்வி: சேலத்திலிருந்து ஒரு வாசகர், 3 ஜூன் 2024

கீழ்த்தளமும் அதன்மேல் ஒரு மாடியுமாகக் கட்டிய வீடு எங்களுடையது. ஃபைபர் பெட்டி கீழே கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது மாடியில் பின்பக்க அறையில். அங்கே வைஃபை இரண்டு கோடுகள் காட்டும், ஆனால் வீடியோ கூட்டம் தொடங்கியதும் குரல் விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு சுவருக்குள்ளும் ஏற்கெனவே செம்புக்கம்பி ஓடிக்கொண்டிருக்கும்போது, எதற்காகக் காற்றில் அனுப்பிச் சுவரோடு மல்லுக்கட்ட வேண்டும்? மின்கம்பி வழியே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஒரு ஜோடி வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். மெஷ், அதாவது பல பெட்டிகளை வைத்து வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் அமைப்பு, வாங்கச் சொல்பவர்கள் காரணத்தோடு சொல்லவும்.

3 ஜூன், இரவு

வாங்கும் முன் இரண்டு விவரங்கள் வேண்டும். உங்கள் வீட்டு மீட்டர் ஒரு பேஸா, மூன்று பேஸா (பேஸ் என்பது தெருவிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி)? கூடத்துப் பிளக், மாடி அறைப் பிளக் ஆகிய இரண்டில் எது இன்வெர்ட்டரோடு இணைந்தது? பவர்லைன் பற்றிய வாதங்களில் பாதி இந்த இரண்டையும் கேட்காமலேயே நடக்கின்றன.

4 ஜூன், காலை

மூன்று பேஸ், கூடத்துப் பிளக் இன்வெர்ட்டரில், மாடி அறைப் பிளக் நேர் மின்சாரத்தில் என்று பதில் வந்திருக்கிறது. பவர்லைனுக்கு வாய்க்கக்கூடிய மோசமான அமைப்புகளில் இது ஒன்று. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பவர்லைன் அடாப்டர், 50 ஹெர்ட்ஸில் ஓடும் 230 வோல்ட் மின்சாரத்தின்மேல், ஏறத்தாழ 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள மெல்லிய குறிப்பலைகளை ஏற்றி அனுப்புகிறது. 2005இல் வந்த ஹோம்பிளக் ஏவி என்ற தரம் இந்த இடைவெளியை நூற்றுக்கணக்கான சிறு தடங்களாகப் பிரித்து, இரைச்சல் குறைந்த தடத்தில் அதிகத் தரவை ஏற்றுகிறது, இரைச்சல் மிகுந்த தடத்தை அப்படியே விட்டுவிடுகிறது. 2012இல் வந்த ஏவி2 இந்த எல்லையை 86 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டியது. பேஸ், நியூட்ரல் ஆகியவற்றோடு எர்த் கம்பியையும் சேர்த்துக்கொண்டு ஒரே நேரத்தில் இரு வழிகளில் அனுப்பும் வசதியையும் கொடுத்தது. இந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லாம் இரண்டு அடாப்டர்களும் ஒரே பேஸில் இருந்தால்தான் முழுமையாகப் பயன்படும். மூன்று பேஸ்களும் ஒன்றுசேரும் இடம் தெருமுனை மின்மாற்றி. பல மெகாஹெர்ட்ஸ் குறிப்பலை அவ்வளவு தொலைவு போய்த் திரும்பி வரும் வலுவோடு இருப்பதில்லை. ஆகவே கூடம் ஒரு பேஸிலும் மாடி இன்னொரு பேஸிலும் இருந்தால், ஒரே சுவரின் இரு பக்கங்களில் அடாப்டர்களை மாட்டினாலும் அவை ஒன்றையொன்று காணாமல் போகலாம்.

எந்த அறை எந்த பேஸில் என்று கண்டுபிடிக்க மீட்டர் பிடித்து அளக்க வேண்டாம். இரண்டு பேஸ்களுக்கு இடையே 415 வோல்ட் இருக்கும், அது விளையாடும் இடம் அல்ல. மெயின் போர்டில் ஒவ்வொரு பேஸின் எம்சிபி என்ற பாதுகாப்புச் சுவிட்சையும் தனித்தனியாக இறக்கி, எந்தப் பிளக் அணைகிறது என்று பார்த்தால் போதும். அதற்கும் பொறுமை இல்லாதவர்கள், மழை நாளில் ஒரு பேஸ் மட்டும் போகும்போது வீட்டில் எந்தப் பக்கம் இருட்டாகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளலாம்.

4 ஜூன், மாலை

காலையில் எழுதியது, மூன்று பேஸ் என்றாலே பவர்லைன் கூடாது என்று சிலருக்குப் பட்டிருக்கிறது. அவ்வளவு கறாராகச் சொல்ல முடியாது. மெயின் போர்டிலும் அங்கிருந்து கிளம்பும் பைப்புகளிலும் மூன்று பேஸ் கம்பிகளும் ஒன்றையொன்று ஒட்டியே போகின்றன, நியூட்ரலும் பொதுவானது. அதனால் குறிப்பலையில் ஒரு பகுதி பக்கத்துக் கம்பிக்குத் தாவிவிடும். என் வீட்டில் பேஸ் மாறும் இரு அறைகளுக்கு இடையே இணைப்பு கிடைக்கத்தான் செய்கிறது. ஒரே பேஸில் 100 மெகாபிட்டுக்கு மேல் கிடைத்த அதே ஜோடி அங்கே 15, 20 என்று இழுக்கிறது. சில மாலைகளில் அதுவும் இல்லை. மின்னஞ்சலுக்கு அது போதும். சம்பளம் தரும் வேலையை அதை நம்பி ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் ஊர் வீடுகளுக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. மின்னழுத்தம் குறையும்போது மெயின் போர்டில் இருக்கும் பேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்பி, நல்ல பேஸுக்கு வீட்டை மாற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அப்பா கீழே சுவிட்சைத் திருப்பியதால் மாடியில் மகனுக்கு இணையம் போனது என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது.

7 ஜூன்

"பெட்டியின்மேல் 1000 என்று போட்டிருக்கிறது, உங்களுக்கு எப்படி 100 சொச்சம்தான் வந்தது?" என்று ஈரோட்டு வாசகர் கேட்டிருக்கிறார்.

பெட்டியில் அச்சிட்டிருப்பது, கம்பியில் எல்லாமே உகந்ததாக இருக்கும்போது குறிப்பலை எட்டக்கூடிய மேல் எல்லை. பிழைதிருத்தத்துக்கும் ஒழுங்குபடுத்தலுக்கும் போக மிஞ்சுவதுதான் நமக்கு. அந்த எண்ணில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே வயரிங் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, 600 என்று அச்சிட்ட பல மாதிரிகளில் கேபிள் செருகும் ஈதர்நெட் வாயே 100 மெகாபிட் வாய்தான். உள்ளே எவ்வளவு வேகம் இருந்தாலும் வாசலில் அதற்குமேல் வெளியே வராது. வைஃபை விற்பவர்களும் இதில் உத்தமர்கள் அல்லர். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டின் உச்ச வேகத்தையும் கூட்டி ஒரே எண்ணாகப் பெட்டியில் போடுகிறார்கள். எந்த ஒரு கைபேசியும் அந்தக் கூட்டுத்தொகையில் ஓடுவதில்லை.

ஏவி2வின் இரட்டை வழிக்கு எர்த் உண்மையிலேயே இணைந்திருக்க வேண்டும். மூன்று துளைப் பிளக் இருப்பதாலேயே பின்னால் எர்த் கம்பி இருக்கிறது என்று பொருளில்லை. பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அடாப்டர் வாங்காதவர்களும் இதை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அது இணையத்தைவிட முக்கியமான விஷயம்.

8 ஜூன்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அடாப்டரை மாட்டிவிட்டு வேகம் வரவில்லை என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். ஸ்பைக் கார்டு வகைப் பெட்டிகளுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, அடாப்டரின் குறிப்பலையையும் இரைச்சல் என்றே கருதி விழுங்கிவிடும். அடாப்டர் எப்போதும் சுவர்ப் பிளக்கில் நேரடியாக இருக்க வேண்டும். முகப்பில் ஒரு பிளக் துளையோடு வரும் மாதிரியை வாங்கினால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அந்தத் துளையில் செருகிக்கொள்ளலாம். அதற்குள் ஒரு வடிகட்டி இருப்பதால் சார்ஜர்களின் இரைச்சலும் கம்பிக்குத் திரும்பாமல் ஓரளவு தடுக்கப்படும்.

9 ஜூன்

இரைச்சல் என்று சொல்லிவிட்டு அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் விட்டேன். மலிவான கைபேசி சார்ஜர், மலிவான எல்இடி பல்பு, இன்வெர்ட்டர் ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, இப்போது வீட்டுக்கு வீடு மாட்டுகிற பிஎல்டிசி மின்விசிறி ஆகிய எல்லாவற்றுக்குள்ளும் மின்சாரத்தை வேகமாகத் துண்டித்துத் துண்டித்து இணைக்கும் சுற்று இருக்கிறது. ஒழுங்காக வடிகட்டப்படாத பொருளாக இருந்தால், அந்தத் துண்டிப்பின் சிதறல்கள் அடாப்டர் பயன்படுத்தும் அதே அலைவரிசைகளில் வந்து விழும். எல்லாவற்றுக்கும் மேலாக மிக்சி. அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் தொடர்ந்து தீப்பொறி பறக்கிறது. தேங்காய்ச் சட்னி அரைக்கும் நேரத்தில் அடாப்டரின் பச்சை விளக்கு ஆரஞ்சாகி, சிவப்பாகி, ஜாரைக் கழற்றியதும் மீண்டும் பச்சையாவதை நான் சமையலறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். வைஃபைக்கும் இப்படிப்பட்ட பகைகள் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும். அடுக்குமாடியில் இருபது ரவுட்டர்கள் அதே அலைவரிசையில் முண்டியடிக்கும். ஆனால் வைஃபையில் வேறு அலைவரிசைக்கு ஒதுங்கலாம், பெட்டியை நகர்த்தலாம். சுவருக்குள் இருக்கும் கம்பியை நகர்த்த முடியாது.

15 ஜூன்

சேலத்து வாசகர் கடன் வாங்கிய ஒரு ஜோடியை மாட்டிப் பார்த்து, "ஸ்பீட் டெஸ்ட்டில் 38 வந்தது, வைஃபையில் 45 வந்தது, ஆக வைஃபையே மேல்" என்று முடிவு எழுதியிருக்கிறார். இந்த அளவீட்டை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது.

ஸ்பீட் டெஸ்ட் உங்கள் வீட்டையும், இணைய நிறுவனத்தையும், எங்கோ இருக்கும் சர்வரையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறது. வீட்டுக்குள் நடப்பது மட்டும் வேண்டுமென்றால், ஒரு கணினியை ரவுட்டரில் கேபிளால் இணைத்து, இன்னொன்றை மாடியில் வைத்து, இரண்டுக்கும் இடையே ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியை ஓட்ட வேண்டும். இரு திசைகளிலும் தனித்தனியாக ஓட்ட வேண்டும், ஏனென்றால் பவர்லைனில் மேலே போகும் வேகமும் கீழே வரும் வேகமும் பெரிதும் வேறுபடலாம். அதைவிட எளிதானதும், வீடியோ கூட்டத்துக்கு அதிகம் பொருந்துவதும் பிங் சோதனை, அதாவது ஒரு சிறு செய்தி போய்த் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது. இணையத்தில் உள்ள எதையும் பிங் செய்யாமல் உங்கள் ரவுட்டரின் முகவரியையே, பெரும்பாலும் 192.168.1.1, தொடர்ந்து பிங் செய்யுங்கள். வீடியோ கூட்டத்துக்குச் சில மெகாபிட்டுகளே போதும்; ஆனால் தாமதம் 3 மில்லி விநாடியிலிருந்து 300க்குத் தாவித் தாவி வந்தால், 45 மெகாபிட் இருந்தும் குரல் உடையும். சோதனையைச் சமையல் நேரத்திலும், எல்லோரும் வீட்டில் இருக்கும் இரவு நேரத்திலும் ஓட்டிப் பாருங்கள். ஊர் அடங்கிய மதிய வேளையில் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான்.

16 ஜூன்

அவரிடமிருந்து பிங் எண்கள் வந்துவிட்டன. வைஃபையில் பாதிக்கு மேல் 5க்குள், நடுநடுவே 200, 400. பவர்லைனில் சீராக 8, 10. சில சமயம் சுத்தமாக விடுபடல், பிறகு பழையபடி. இரண்டும் இரண்டு விதமாகக் கெடுகின்றன. வைஃபை கொஞ்சம் கொஞ்சமாகத் தடுமாறுகிறது. பவர்லைன் நன்றாக இருக்கும்வரை நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று விழுகிறது. இதைத்தான் முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது: கேட்க வேண்டியது எது வேகம் என்பதல்ல, உங்கள் வேலை எந்த வகைக் கேட்டைப் பொறுத்துக்கொள்ளும் என்பது. படம் பார்ப்பவர் திடீர் விடுபடலைக் கவனிக்கவே மாட்டார், முன்கூட்டியே இறங்கிய பகுதி அதைச் சமாளித்துவிடும். கூட்டத்தில் பேசுபவருக்கு இரண்டுமே வேதனை.

18 ஜூன்

மின்வெட்டு நேரத்தில் என்னவாகும் என்ற கேள்வியை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன், தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறது.

ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் பொதுவாக 12 வோல்ட்டில் ஓடுபவை. ஆகவே உள்ளங்கையளவு மினி யுபிஎஸ் ஒன்று இருந்தால் மின்வெட்டிலும் அவை ஓடும். பவர்லைன் அடாப்டர் அப்படியல்ல. அது சுவரிலேயே 230 வோல்ட்டை எடுத்துக்கொள்வது, மினி யுபிஎஸ்ஸால் அதற்கு ஒரு பயனும் இல்லை. இன்வெர்ட்டர் இருந்தாலும், இரண்டு அடாப்டர்களும் இன்வெர்ட்டர் செல்லும் பிளக்குகளிலேயே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். பல வீடுகளில் இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஒன்றிரண்டு பிளக்குகளுக்கும் மட்டும் போகிறது. சேலத்து வீட்டைப் போல ஒன்று இன்வெர்ட்டரிலும் மற்றது நேர் மின்சாரத்திலும் இருந்தால், மின்சாரம் இருக்கும் நேரத்திலேயே குறிப்பலை இன்வெர்ட்டருக்குள் புகுந்து வெளிவர வேண்டியிருக்கிறது. அது வழியில் எவ்வளவு தின்னும் என்பது இன்வெர்ட்டருக்கு இன்வெர்ட்டர் மாறும்.

21 ஜூன்

வைஃபையைப் பற்றி இவ்வளவு நேரம் பட்டும்படாமல் பேசிவிட்டேன். மாடி அறைக்கு அலை எட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் ரவுட்டரின் விலை அல்ல, அது இருக்கும் இடம். டிவி அலமாரிக்குள் கதவை மூடி வைக்கிறார்கள். அல்லது ஃபைபர்க்காரர் வாசலோரம் மாட்டிவிட்டுப் போன இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். செங்கல் சுவர் அலையைக் குறைக்கும். கம்பி கட்டி ஊற்றிய மாடித் தளம் அதைவிடக் குறைக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் அதிகம் அடிபடும். ஆனால் படிக்கட்டு என்று ஒரு திறப்பு எல்லா வீட்டிலும் இருக்கிறது, தளத்தைத் துளைக்க முடியாத அலை அதன் வழியே ஏறுகிறது. ரவுட்டரைப் படிக்கட்டு தெரியும் இடத்துக்கு மாற்றியதிலேயே பிரச்சினை தீர்ந்த வீடுகள் எனக்குத் தெரியும். சுவரோடு ஒட்டிய இரும்பு பீரோவையும் பாருங்கள். அதன் பின்னால் இருக்கும் அறைக்கு அலை போகவில்லை என்றால் குற்றம் சுவருடையது அல்ல. ஆளுயரக் கண்ணாடியும் இதே வேலையைச் செய்யும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. தானாகத் தேர்ந்துகொள்ளும்படி விட்டால் சில ரவுட்டர்கள் 3, 9 என்று எங்காவது போய் உட்கார்ந்து இருபுறமும் இடிபடும். கையால் ஒன்றை நிறுத்திவையுங்கள். 2018இல் நம் நாட்டில் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. அங்கே இடம் தாராளம்.

22 ஜூன்

மெஷ் பற்றி. ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் மலிவான ரிப்பீட்டர், வேகத்தைப் பாதியாக்கும். மெஷ் என்ற பெயரில் விற்கப்படும் இரட்டை அலைவரிசைப் பெட்டிகள் பலவும் நெருக்கடியில் இதையே செய்கின்றன. மாடிப் பெட்டியை அலை எட்டாத அறைக்குள்ளேயே வைத்துவிட்டு "மெஷ் வேலை செய்யவில்லை" என்பவர்கள் ஏராளம். அது பாதி வழியில், கீழ்ப்பெட்டியோடு நன்றாகப் பேசும் இடத்தில், அதாவது படிக்கட்டு ஏறி முடியும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டிகளுக்கு இடையே கேபிள் இருந்தால் மேற்சொன்ன குறை எதுவும் இல்லை. அந்தக் கேபிளின் இடத்தில் பவர்லைனை வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஒரே பேஸ், நல்ல எர்த், நடுவே இன்வெர்ட்டர் இல்லை என்ற மூன்றும் அமைந்தால்.

2 ஜூலை

ஓர் ஓரப் பேச்சு. சிற்றலை வானொலி கேட்கும் அன்பர் ஒருவர், பக்கத்து வீட்டில் அடாப்டர் மாட்டிய நாளிலிருந்து நிலையங்கள் இரைச்சலில் மூழ்கிவிட்டன என்று கோபமாக எழுதியிருக்கிறார். அவர் கோபம் நியாயமானது. சிற்றலை ஒலிபரப்பு 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ், பவர்லைனும் அங்கேதான். வீட்டு வயரிங் நீளமான ஆண்டெனாவாக மாறி அதைக் காற்றில் பரப்புகிறது. பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்குரிய அலைவரிசைகளை அடாப்டர்கள் விட்டுவைக்கின்றன. ஐரோப்பாவில் 2013இல் வந்த இஎன் 50561-1 தரம், ஒலிபரப்பு அலைவரிசைகளில் நிலையம் கேட்டால் அங்கிருந்து விலகவும் சொல்கிறது. வானொலி கேட்பவர் வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: குறிப்பலை உங்கள் மீட்டரோடு நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். ஹோம்பிளக் அடாப்டர்கள் கடையிலிருந்து வரும்போது எல்லாவற்றிலும் ஒரே கடவுச்சொல்தான் இருக்கும்: ஹோம்பிளக்ஏவி. இரண்டிலும் ஜோடி சேர்க்கும் பொத்தானை அடுத்தடுத்து அழுத்திப் புதிய சாவியை உண்டாக்கிக்கொள்ளாவிட்டால், அண்டை வீட்டு அடாப்டரும் உங்கள் வலையில் வந்து சேரலாம்.

3 ஜூலை

இந்தத் தொழில்நுட்பம் செத்துவிட்டதா என்றால், இல்லை. மின்கார்களின் சிசிஎஸ் விரைவு சார்ஜரில் காரும் சார்ஜரும் பேசிக்கொள்வது ஹோம்பிளக்கின் கிரீன் பிஎச்ஒய் என்ற வடிவத்தில்தான். வீட்டுக்குள் ஜி.எச்என் என்ற, ஐடியு எனும் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் தரம் ஹோம்பிளக்கின் இடத்தைப் பிடித்துவருகிறது. ஹோம்பிளக்கும் ஜி.எச்என்னும் ஒன்றோடொன்று பேசா. பழைய அடாப்டருக்குத் துணையாகப் புதியது வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

21 ஜூலை

சேலத்து வாசகர் இரண்டையும் விட்டுவிட்டார். டிவிக்குப் பின்னாலிருந்து மொட்டைமாடிக்குப் போகும் டிஷ் கேபிள் பைப் காலியாகக் கிடந்திருக்கிறது. மாடி அறையிலிருந்தும் அதேபோல் ஒரு டிவி பைப் மேலே ஏறுகிறது. எலக்ட்ரீஷியன் ஒன்றில் கேட் 6 வகை நெட்வொர்க் கேபிளை ஏற்றி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரமாக நடத்தி, மற்றொன்றில் இறக்கிவிட்டார். மாடியில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி. இப்போது பிங் 1, 2 என்று ஆணியடித்ததுபோல் நிற்கிறதாம். நான் முதல் நாளே இதைத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் அவர் கேட்டது இரண்டில் ஒன்று.

மின்கம்பி ஓடும் பைப்பில் இந்தக் கேபிளை நுழைக்கக் கூடாது. மின்கம்பியின் உறை எப்போதாவது பழுதானால் 230 வோல்ட் உங்கள் கணினிக்கே வந்துவிடும். டிவி பைப், டெலிபோன் பைப் இரண்டில் ஒன்றையே தேடுங்கள்.

22 ஜூலை

கையில் இருக்கும் அடாப்டரை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: வாசல் கேட்டில் ஒரு கேமரா வைக்கலாம். அதற்குச் சில மெகாபிட் போதும், கேட் விளக்குக்கு ஏற்கெனவே மின்கம்பி போயிருக்கும், ஒரு நொடி விடுபட்டால் யாருக்கும் நட்டமில்லை. என் ஜோடி இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறது. மழை படாமல் மூடிய பெட்டிக்குள் வையுங்கள். அடாப்டர் தானே சூடாகும் பொருள், காற்றுக்கும் வழி விடுங்கள்.

4 ஆகஸ்ட்

கேபிள் இழுக்கப் போகிறவர்கள் இருவர் வகை கேட்டிருக்கிறார்கள். கேட் 5இ போதும், 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தரும். விலை வித்தியாசம் சிறிது என்பதால் கேட் 6 வாங்குவது நல்லது. மொட்டைமாடி வழியே போகும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை வேண்டும், சாதாரண உறை நம் வெயிலில் வெடித்து உதிரும். அந்தப் பகுதியைத் திறந்தவெளியில் தொங்கவிடாமல் பைப்புக்குள் கொண்டுபோங்கள்.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், அது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியக் கம்பி. பைப்புக்குள் இழுக்கும்போது அது அறுந்துபோகும். ஆக்சஸ் பாயிண்டுக்கு அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பினால் சூடேறும். கடையிலேயே ஒரு முனையை உரித்து, பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அந்தச் சுருளை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.